குறைகளை எடுத்துச் சொன்ன அக்காவுக்கு

நேற்று ராத்திரியிலிருந்து இதை எழுத மூன்று தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இரண்டு வருஷமாக என்ன பாடு பட்டேன் என்று உங்களுக்கெல்லாம் தெரியும், அதை மறுபடி கிளறப் போவதில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அதுவும் வெயிட்லிஸ்டிலிருந்து. ஒன்றுக்கு மேல் இடம் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட வேண்டிய ஏப்ரல் 30-உம் தாண்டி, இனி வராது என்று நானே போனைத் தூர வைத்த பிறகு.

பரிந்துரைக் கடிதம் கொடுத்த பேராசிரியர்கள், ஒவ்வொரு கல்லூரியும் இரண்டாம் கட்டமாகக் கேட்கும் செகண்டரி கட்டுரைகளைச் சலிக்காமல் படித்த நண்பர்கள், கையில் ஸ்டாப்வாட்சோடு 2 நிமிஷம் யோசி, 8 நிமிஷம் பேசு என்று எம்எம்ஐ (அடுத்தடுத்து வரும் குட்டி நேர்காணல்கள்) ஒத்திகை நடத்திய அறைத்தோழி, கோட்டு கடன் கொடுத்த புண்ணியவான், "ஏதாவது வந்துதா?" என்று கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்ட அப்பா அம்மா, எல்லோருக்கும் நன்றி. நேரில் வந்து தனித்தனியாகச் சொல்கிறேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. தோழியின் தோழி, அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் அக்கா. அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியதில்லை. பரீட்சை வாரத்தில், ராத்திரி பதினொரு மணிக்கு, வீடியோவில் நாற்பது நிமிஷம் எனக்காக உட்கார்ந்தார்.

"ஏன் எங்கள் கல்லூரி?" என்ற கேள்விக்கு நான் தயார் செய்த பதிலை ஒப்பித்தேன். பாடத்திட்டம், ஆராய்ச்சி மையம், சின்னக் குழுக்களில் கற்பது, எல்லாம் இணையதளத்தில் பொறுக்கியது. முந்தின வருஷம் வேறொரு கல்லூரியின் நேர்காணலில் இதே மாதிரி ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லி உருகியபோது, "அதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறதே" என்று எதிரில் இருந்தவர் மெல்லச் சொன்னார். அதற்கப்புறம் நான் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அப்படியும் புத்தி வரவில்லை பாருங்கள்.

அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப இங்கே என்ன மோசம்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தார். வகுப்புப் பாடங்களை ஒன்றரை வருஷத்தில் முடிப்பதால் உடற்கூறியல் காற்றாய்ப் பறக்கும். குழு சரியாக அமையாவிட்டால் ஒருத்தரே பேசுவார், மற்றவர்கள் தலையாட்ட வேண்டியதுதான். மூன்றாம் வருஷம் போகும் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரம், கார் இல்லாதவர்களுக்கு விடியற்காலை ஐந்தரை பஸ்தான் கதி. அப்புறம் கேட்டார்: "இவ்வளவும் கேட்டும் வரணும்னு தோணுதா? எதுக்காக?"

யோசிக்காமல் வாயில் வந்தது சனிக்கிழமை கிளினிக். காப்பீடு இல்லாதவர்களுக்காக மாணவர்களே நடத்துவது. நான் இரண்டு வருஷம் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வராமல் போன நோயாளிகளுக்குப் போன் பண்ணியவள். "முதல் தடவை வந்துவிட்டு அப்புறம் வராதவங்களை உங்க கிளினிக்கில் யார் தேடிப் போவாங்க?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டார். "இதை அங்கே கேளு. உன் பதிலைவிட இது நல்லா இருக்கு."

நேர்காணலில் கேட்டேன். என்னிடம் கேள்வி கேட்க வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, அதுதான் எங்களுக்கும் தலைவலி என்று பத்து நிமிஷம் பேசினார். நானும் பேசினேன், எத்தனை போன் நம்பர் வேலை செய்யாது, யார் எடுப்பார்கள், யார் திட்டுவார்கள் என்றெல்லாம். பரீட்சை மாதிரியே இல்லை.

இதனால்தான் இடம் கிடைத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மதிப்பெண் இல்லாமல் அந்த அறை வரை போயிருக்க முடியாது, போன பிறகும் வெயிட்லிஸ்ட்தான். மார்ச்சில் "இடம் கொடுத்தால் கட்டாயம் வருவேன்" என்று கடிதம் எழுதலாமா என்று கேட்டபோதும், "நிஜமா வர்றதா இருந்தா எழுது, ஒரே ஒரு இடத்துக்கு எழுது" என்றார் அக்கா. அப்படியே செய்தேன். ஒரே பக்கம், அதில் பாதி கிளினிக்.

அடுத்த வருஷம் யாராவது என்னிடம் கேட்டால் நானும் முதலில் குறைகளைத்தான் சொல்வேன், ராத்திரி பதினொரு மணியானாலும்.

அக்கா, அந்த ஐந்தரை பஸ் எங்கே நிற்கும்?