கோடிச் சேலை

சிவமயம்

ஆத்தா,

மாவுருண்டையும் சீப்புச் சீடையும் கட்டி அனுப்பி 18 நாளாகிறது, வந்து சேர்ந்ததா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி கண் விழிக்காதே. வளவில் ஓடு மாற்றுகிற வேலை நடக்கிறது, அதெல்லாம் அப்புறம்.

உன் கண்காட்சிப் படத்தைச் சின்னவள் போனில் காட்டினாள். நீ தரையில் படுத்திருக்கிறாய், செத்தவர்களுக்குப் போர்த்துவது போல மேலே கோடிச் சேலை போர்த்தியிருக்கிறது, சுற்றிலும் உன் தோழிகள் நெய்ப்பந்தம் பிடித்து நிற்கிறார்கள். உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் எங்கே மூச்சு தெரியப்போகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தனியாகப் படுக்காதே, யாரையாவது துணைக்கு வைத்துக்கொள்.

கலை என்கிறாய், சரி. பத்து வயதில் நீ பின்னிய கொட்டான் இன்னும் சாமிவீட்டில்தான் இருக்கிறது, அந்தக் கை யாருக்கும் வராது. ஆனால் பெற்றவள் பார்ப்பாளே என்று ஒரு நிமிஷம் நினைத்தாயா? கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாளே அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலையில் அழுவீர்கள் என்று நீ சொன்னபோது, வலியப் போய் எதற்கு அழணும் என்று கேட்டவள் நான். 1987இல் வாஷிங்டனில் எய்ட்ஸில் போனவர்கள் பெயரைத் தைத்து 1,920 துணிகளை விரித்தார்கள், ஒவ்வொன்றும் 6 அடிக்கு 3 அடி, குழி அளவு, வீட்டார் கைவிட்ட பிள்ளைகளுக்குச் சிநேகிதர்களே தைத்தார்கள் என்றாய். முன்னோருக்குப் படைக்கும் துணிகளை வைக்கிற நம் படைப்புப் பேழையில் அப்பத்தா சேலையை மடித்து வைக்கும்போதெல்லாம் அந்தத் துணிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

வேளைக்குச் சாப்பிடு ஆத்தா.

அப்பத்தா போனபோது, முடியை வெட்டி வேட்டி கட்டி வருவதானால் வா, இல்லையென்றால் வராதே என்று சொல்லச் சொன்னது உன்னைப் பெற்ற அப்பச்சி இல்லை. நான்தான். பங்காளிகள் என்ன சொல்வார்களோ என்று பயந்து செய்துவிட்டு, இத்தனை வருஷமாய் அவர் தலையில் போட்டு வைத்திருந்தேன். அப்பத்தா கடைசி மூன்று நாளும் உன்னைத்தான் கேட்டார்கள், நீ வைத்துக்கொண்ட பெயரைச் சொல்லியே கேட்டார்கள். பேரப்பிள்ளையாய் நீ பிடிக்க வேண்டிய நெய்ப்பந்தத்தை எடுத்து இன்னொரு வீட்டுப் பையன் கையில் கொடுத்தேன். நீ காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனாய் என்று பதினாறாம் நாள்தான் தெரிந்தது. அன்று கொடுக்காத பந்தத்தைத்தான் அந்தப் படத்தில் உன் தோழிகள் பிடித்து நிற்கிறார்கள், அது எனக்குப் புரியாமலில்லை.

எனக்குக் கொள்ளி வைப்பது நீதான். சேலையோடேயே வா, யாரையும் கேட்க வேண்டாம், அப்பச்சியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அதற்கு நீ இருக்க வேண்டும் ஆத்தா, எனக்கப்புறமும் வெகுகாலம் இருக்க வேண்டும்.

தைப் படைப்புக்கு வா. அரக்கு நிறத்தில் ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன், உடுத்திக்கொள்ள. இதைப் பார்த்ததும் போன் போடு, எந்த ராத்திரியானாலும் சரி.

அம்மா