பதிவு எங்களுடையது, பூட்டு உங்களுடையது: டிடிஎச் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

டிடிஎச் சேவை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், பார்வைக்காக இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும்.

ஐயா, அம்மையீர், வணக்கம்.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஹார்ட் டிஸ்க் உள்ள பதிவுப் பெட்டியை, அதாவது பதிவும் செய்யும் செட்டாப் பாக்ஸை, கூடுதல் பணம் கொடுத்து வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் அந்தப் பெட்டியை எங்களுக்கு விற்றீர்கள். வைத்துக்கொள்வது என்றால் எத்தனை நாளைக்கு, யாருடைய விருப்பப்படி என்பதை மட்டும் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது கேட்கிறேன். சட்டப்படி என் வீட்டில் நான் பதிவு செய்த நிகழ்ச்சியை ஒரு டிவிடியிலோ பென் டிரைவிலோ எடுத்து வைத்துக்கொள்ள வழி விடுங்கள்.

எங்கள் பக்கத்தில் யாரும் மெகா தொடரைப் பாதுகாத்து வைப்பதில்லை. அது நாளைக்கும் வரும், வேண்டாம் என்றாலும் வரும். எடுத்து வைப்பது வேறு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம், சங்கரன்கோவில் ஆடித்தபசு, திருச்செந்தூர் சூரசம்ஹாரம். நேரில் போக முடியாத ஆச்சிகள் இந்த நேரலைகளைப் பதிவு செய்யச் சொல்லி, ஆற அமரப் பார்ப்பார்கள். பொங்கல் பட்டிமன்றத்தில் நம் ஊர்ப் பிள்ளை பேசியிருப்பாள். பாட்டுப் போட்டியில் மதினியின் மகன் இரண்டாம் சுற்றுவரை போயிருப்பான். மூன்றாம் சுற்றில் அவன் இல்லை, ஆகவே தொலைக்காட்சிக்கு அவன் முகம் மறந்துபோகும், எங்களுக்கு மறக்காது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து பத்மஸ்ரீ வரை போன சுப்பு ஆறுமுகம் ஐயா 2022 அக்டோபரில் மறைந்தபோது, அவருடைய வில்லிசையைப் பதிவு செய்து வைத்திருந்த வீடுகளைத் தேடிப் போனவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அவர்களில் நானும் இருந்தேன். ஒரு வீட்டில் பழைய டெக் கேசட்டாக இருந்தது, பூஞ்சை பூத்துப் போயிருந்தது. இன்னொரு வீட்டில் டிவிடியாக இருந்தது. டிவிடி ஓடியது.

அந்த டிவிடி எப்படி உருவாகிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று துளைகள் இருக்கும். அதிலிருந்து வயரை டிவிடி ரெக்கார்டருக்கோ, படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்ச்சர் கருவிக்கோ கொடுப்போம். பிறகு பெட்டியில் நிகழ்ச்சியை ஓடவிட வேண்டும். இரண்டு மணி நேரத் தேரோட்டத்தை எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. நடுவில் யாரும் ரிமோட்டைத் தொடக் கூடாது. தொட்டால் சானல் பட்டியலும் சேர்ந்து பதிவாகும். ஆகவே வீடு உறங்கிய பிறகே இந்த வேலை நடக்கும். கணினிக்கு வந்த பிறகு விளம்பரங்களை வெட்டி, அத்தியாயம் பிரித்து, தட்டில் எழுதுவோம். 4.7 ஜிபி கொள்ளும் சாதாரணத் தட்டில் இரண்டு மணி நேரம் கண்ணை உறுத்தாத தரத்தில் நிற்கும். நான்கு மணி நேரத்தைத் திணித்தால் தேரின் வடமும் கூட்டமும் சதுரம் சதுரமாகச் சிதறும். எழுதும் வேகத்தைக் குறைத்து வைப்பது, கடைசியில் ஃபைனலைஸ் செய்ய (மற்ற கருவிகளிலும் ஓடும்படி தட்டை முடித்து மூட) மறக்காமல் இருப்பது, தட்டின் முதுகில் பந்துமுனைப் பேனாவால் எழுதாமல் இருப்பது, ஒன்றுக்கு இரண்டாக எடுத்து ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வைப்பது, இத்தனையும் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் மலிவுத் தட்டின் சாயம் சீக்கிரம் போய்விடும் என்பதால் கடைசியில் சொன்னது முக்கியம்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது ஒன்று உண்டு. செயற்கைக்கோளிலிருந்து வருவது டிஜிட்டல். டிவிடியில் எழுதுவதும் டிஜிட்டல். தொடக்க காலத்து டிடிஎச் சேவைகளில் பலவும் பயன்படுத்தியது எம்பெக்-2 என்னும் படச் சுருக்க முறை. டிவிடி வீடியோவுக்கும் அதுவேதான். படத்தைத் திரும்பச் சுருக்காமல், கோப்பின் உறையை மட்டும் மாற்றி, வந்த தரத்திலேயே தட்டில் ஏற்றியிருக்கலாம். பெட்டி பூட்டியிருப்பதால் டிஜிட்டலை அனலாகாக இறக்கி, மறுபடி டிஜிட்டலாக ஏற்றுகிறோம். அம்மன் முகத்தின் மஞ்சள் பூச்சு ஒவ்வொரு படியிலும் மங்குகிறது. அந்த அளவுக்குத்தான் கிடைக்கும் என்று அதையும் பொறுத்துக்கொண்டோம்.

இப்போது அந்த வழியும் அடைபடுகிறது. புதிய பெட்டிகள் சிலவற்றில் எச்டிஎம்ஐ துளை ஒன்றே இருக்கிறது. அதன் வழியாக வரும் படத்தோடு நகல் தடையும் சேர்ந்து வருவதால் பதிவுக் கருவியின் திரை கறுத்துவிடுகிறது. பென் டிரைவில் பதிவு செய்யும் பெட்டிகளின் கதையும் இதுதான். பென் டிரைவைக் கணினியில் செருகினால் கோப்பு கண்ணுக்குத் தெரியும், திறக்காது. பதிவு செய்த அதே பெட்டி ஒன்றுக்கு மட்டுமே அது திறக்கும். அடுத்த அறையில் இருக்கும் உங்கள் நிறுவனத்தின் இன்னொரு பெட்டிக்குக்கூடத் திறக்காது.

அந்த ஒரு பெட்டி செத்துவிட்டால்?

ஐப்பசி, கார்த்திகையில் மாலை இடி இறங்கும் ஊர் எங்களுடையது. வோல்டேஜ் ஏறி இறங்குவதைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். அப்படி ஒரு மாலையில் எங்கள் பெட்டி அணைந்தது. நிறுவனத்துக்குச் சொன்னோம். வந்த தம்பி மரியாதையானவர், வேலை தெரிந்தவர். புதுப் பெட்டியைப் பொருத்திவிட்டுப் பழையதைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே இருக்கும் பதிவுகள் என்ன ஆகும் என்று கேட்டேன். "அது போச்சும்மா, எல்லோருக்கும் அப்படித்தான்" என்றார். ஹார்ட் டிஸ்க்கை மட்டுமாவது கழற்றிக் கொடுங்கள் என்றேன். பெட்டி நிறுவனத்தின் சொத்து, கழற்றினால் தன் வேலைக்குச் சிக்கல் என்றார். அவர் மீது எனக்குக் குறையில்லை. அவரை அந்தப் பதிலோடு அனுப்பி வைத்தவர்களிடம்தான் பேசுகிறேன். பெட்டி உங்கள் சொத்து என்றே வைத்துக்கொள்வோம். அதற்குள் இருந்த என் அப்பாவின் வானொலி நண்பருடைய பேட்டி எப்போது உங்கள் சொத்தானது?

என் வீட்டில் போனது சிறிது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறியபோது சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் இன்னும் மோசம். சேறு வழித்த பிறகு கணினி டிஸ்க்குகளைக் கடைகளில் கொடுத்துக் கல்யாணப் படங்களை மீட்டவர்களை எனக்குத் தெரியும். செட்டாப் பாக்ஸ் டிஸ்க்கில் அந்த முயற்சிக்கே இடமில்லை. டிஸ்க் பிழைத்தாலும், அதைத் திறக்கும் சாவி தண்ணீரில் ஊறிய பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது!

வெள்ளத்தை உங்கள் தலையில் கட்டவில்லை. சந்தா கட்டாமல் விட்டால் பல பெட்டிகளில் பழைய பதிவுகளும் சேர்ந்து பூட்டிக்கொள்கின்றனவே, அதை எந்த மழையின் கணக்கில் எழுதுவது? அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான மாதத்துக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

இனி சட்டம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 39-ஆவது பிரிவு, ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒலியாகவோ காட்சியாகவோ பதிவு செய்வதும், உண்மையான கற்பித்தலுக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ பதிவு செய்வதும் ஒளிபரப்பு நிறுவனத்தின் மறுஆக்க உரிமையை மீறியதாகாது என்கிறது. ஒளிபரப்புக்குள் இருக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் தனி உரிமை உண்டு என்பீர்கள். அதற்கு 52-ஆவது பிரிவு இருக்கிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலை அது மீறல் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு மின்னணுப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. சட்டம் தடை செய்யாத காரியத்துக்காகச் செய்வதை அதே பிரிவு தண்டிக்கவில்லை. இருந்தாலும், தேரோட்டம் பார்க்க ஆசைப்படும் எழுபது வயதுக்காரரைப் பூட்டை உடைக்கப் பழகச் சொல்வது நாகரிகமா? சட்டம் கொடுத்ததை நீங்கள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள் என்பதே என் வழக்கு.

திருட்டு டிவிடி பெருகிவிடும் என்பது உங்கள் முதல் பதிலாக இருக்கும். திருட்டு டிவிடிக்காரர்கள் எந்தக் காலத்திலும் உங்கள் பெட்டியை நம்பிப் பிழைத்ததில்லை. படம் தொலைக்காட்சிக்கு வரும்வரை காத்திருக்கும் பொறுமை அவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2004 முதல் அவர்கள் மீது குண்டர் சட்டமே பாயலாம். விற்பவனுக்கு அந்தச் சட்டம் போதும். வீட்டு அலமாரியில் இரண்டு தட்டு வைத்திருப்பவளுக்கு எதற்கு இந்தப் பூட்டு?

செயலியில் எல்லாம் கிடைக்கிறதே என்பது இரண்டாவது பதில். தொடர்கள் கிடைக்கின்றன, திரைப்படங்கள் கிடைக்கின்றன. அவையும் உரிமம் முடிந்தால் சொல்லாமல் மறைகின்றன. ஒரு கோயில் நேரலை, ஒரு நாட்டார் கலைஞரின் அரை மணி நேரம், உள்ளூர்ப் பள்ளியின் விநாடி வினா ஆகியவற்றை யாரும் ஏற்றி வைப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கேபிள் வயர் ஏறாத ஊர்களில்தான் உங்கள் டிஷ் ஆன்டெனா அதிகம் நிற்கிறது. அங்கே இணையம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை உங்கள் விற்பனைப் பிரதிநிதிகளைக் கேட்டால் சொல்வார்கள்.

காப்பகம் என்றால் தில்லியிலும் சென்னையிலும்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களிடம் செல்லாது. பத்துப்பாட்டுக்கு ஏடு தேடிய உ.வே.சாமிநாதையர் திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார். ஏடு வீட்டில்தான் இருந்தது. அந்த ஏட்டுக் கட்டை அவிழ்க்க ஓலை எழுதிக் கொடுத்தவரிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் கேட்பது பெரிய தொழில்நுட்பம் அல்ல. சாவியைப் பெட்டியோடு கட்டாமல் சந்தாதாரரின் கணக்கோடு கட்டுங்கள். பெட்டி மாறினாலும் பதிவு திறக்கும். சந்தா நின்றாலும் ஏற்கனவே பதிவானது ஓடட்டும். எச்டி தரம் வேண்டாம், சாதாரணத் தரத்தில் ஒரு பிரதி வெளியே எடுக்க மெனுவில் ஒரு வசதி வையுங்கள். வெளியே பரவிவிடும் என்று அஞ்சினால் சந்தாதாரர் எண்ணைப் படத்துக்குள் மறைத்துப் பதியுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அதுவரை அந்த மூன்று துளைகளை அடைக்காதீர்கள். பழுதான பெட்டியை எடுத்துப்போக வரும் தம்பியின் பையில் டிஸ்க்கிலிருந்து பிரதி எடுக்கும் கருவி ஒன்றையும் வைத்து அனுப்புங்கள்.

ஆணையத்துக்கு ஒரு வேண்டுகோள். நிறுவனம் மாறினாலும் அதே செட்டாப் பாக்ஸைப் பயன்படுத்த வழி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் நீங்கள் பரிந்துரைத்தீர்கள். பெட்டியே நிறுவனம் தாண்டலாம் என்றால் அதற்குள் இருக்கும் பதிவும் தாண்டலாம். அடுத்த முறை இது குறித்துக் கருத்துக் கேட்கும்போது இந்தக் கேள்வியையும் தாளில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் பெயர் தெரியாத எத்தனையோ ஊர்களிலிருந்து பதில் வரும்.

நிறுவனத்தார் எனக்குத் தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. மாதச் சந்தா, பராமரிப்புக் கட்டணம் என்று பொடி எழுத்தில் நீளும் உங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில், பெட்டியைத் திருப்பி எடுக்கும்முன் பதிவுகளின் பிரதி சந்தாதாரருக்குத் தரப்படும் என்று ஒரு வரி சேருங்கள். முடிந்தால் அந்த வரியைத் தமிழிலும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வட்டத்துச் சந்தாதாரர் ஒருத்தி