மறுபடியும் பேசியவர்களுக்கு

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

அந்த மழையில் எங்கள் பதிவு அறை என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். வந்து சேறு அள்ளியதே நீங்கள்தான். மலையில் கைத்தொழிலும் ஊர்ப்பணியும் செய்கிறவர்களோடு பேசிப் பேசிச் சேர்த்த ஒலிப்பதிவுகளில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்துவிட்டன. மற்றதையும் மறுபடி பதிந்துவிட்டோம். படபடப்பு இன்னும் அடங்கவில்லை, கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மந்துப் பாட்டி (மந்து என்றால் தோடர் குடியிருப்பு). பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தோடர் எம்பிராய்டரி பற்றி அவர் பேசியது முழுவதும் போய்விட்டது. இதை எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டிருக்கும்போதே பேத்தியின் போனிலிருந்து அவரே கூப்பிட்டார். "வா கண்ணு, இன்னொரு தடவை சொல்றேன். வாய்தானே, தேய்ஞ்சா போயிடும்?"

போனேன். ரெக்கார்டரை எடுத்ததும், "அதை அப்புறம் போடு. முதல்ல நீ சொல்லு, உனக்கு என்ன ஆச்சு?" என்றார். ஊசியைத் துணியில் குத்தி ஓரமாக வைத்துவிட்டார். எத்தனையோ பேரிடம் அவர்கள் வாழ்க்கையைக் கேட்டிருக்கிறேன். என்னை உட்காரவைத்துக் கேட்டவர் அவர்தான். கொடுத்த டீ ஆறிப்போகும் வரை பேசினேன். குறுக்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்பதையே வேலையாக வைத்திருக்கிற எனக்கு அப்படிக் கேட்க இன்னும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் தையல் பேச்சு. வெள்ளைப் பருத்தித் துணி, கறுப்பு, சிவப்பு நூல். படம் வரைந்துகொள்வதில்லை, துணியின் இழையை எண்ணித்தான் ஒவ்வொரு பூவும் விழுகிறது. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் போன தடவை பெருமையாகச் சொன்னவர், இந்தத் தடவை அந்தப் பக்கமே போகவில்லை. கண் மங்கியபின் விரலால் எண்ணப் பழகியது, மகளுக்கு வராத ஒரு பூ பேத்திக்கு வந்தது, ஒரு பூத்துக்குளிக்கு (தோடர் போர்த்தும் சால்வை) ஆகும் நாளும் கைக்கு வரும் காசும் என்று வேறெங்கோ போனார். முதல் பதிவு போனதில் வருத்தமே இல்லை என்றால் பொய். ஆனால் இப்போது பாதி வருத்தம்தான்.

சலிக்காமல் திரும்ப உட்கார்ந்து பேசிய, பானை வனையும் கோத்தர் அக்கா, வேங்கைப் பிசினில் நிறம் எடுத்துக் காட்டிய குறும்பர் ஓவியர், ஹட்டியில் (படுகர் ஊரில்) பழைய பாட்டுகளைச் சேர்த்து வைக்கும் படுகர் வாத்தியார், கம்ப்யூட்டரைக் காயவைத்து உயிர்கொடுத்த கடைத் தம்பி, மூன்று வேளையும் சோறு போட்ட மகளிர் குழு, மண் சரிந்த ரோட்டில் பாதி வாடகைக்கு ஓட்டிய ஜீப் அண்ணன் எல்லோருக்கும் நன்றி. (பாதி வாடகை விஷயம் அண்ணன் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கட்டும்.)

இனி, பேசியவர் கையில் ஒரு பிரதி கொடுக்காமல் எந்த வீட்டிலிருந்தும் கிளம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பாட்டியின் பேச்சு பேத்தி போனில் ஏறிவிட்டது. மற்றவர்கள் வீட்டுக்கு அடுத்த வாரம் வருகிறோம். போனில் கொஞ்சம் இடம் காலி பண்ணி வையுங்கள்.