ஆர்டிச்சோக் ராஜா

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்காலுக்கு ஊசி போட்ட பிறகு மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். மண்டியை மகனிடம் ஒப்படைத்துவிட்டேன் என்கிறாய். அடுத்த வரியிலேயே, விடிகாலை மூன்று மணிக்குத் தானாக முழிப்பு வந்துவிடுகிறது என்றும் புலம்புகிறாய். நாற்பது வருஷம் லோடு இறக்கிய உடம்பு, லேசில் விடுமா?

நான் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். நியூயார்க் நகர எல்லையைத் தாண்டினால் வரும் ஊர். வெளியே பனி, உள்ளே ஹீட்டர், நடுவில் நான். பேத்தி பள்ளிக்கூடம் போன பிறகு பேச ஆளில்லை. அதனால் ஒரு ஆளைப் பிடித்து வைத்திருக்கிறேன். செத்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆன ஒரு ரவுடி. உனக்குப் பிடிக்கும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஏனென்றால் அவன் காய்கறி வியாபாரி.

இங்கே பக்கத்துக் கடையில் ஆர்டிச்சோக் என்று ஒரு காய் விற்கிறது. தாமரை மொட்டுக்கு முள்ளுக் கவசம் மாட்டியது மாதிரி இருக்கும். வாழைப்பூ உரிப்பது போல இதழ் இதழாகப் பிய்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சதையை முருங்கைக்காய் மாதிரிப் பல்லால் இழுத்துத் தின்ன வேண்டும். உழைப்புக்கு ஏற்ற கூலி கிடையாது என்பது என் கருத்து. ஆனால் இத்தாலியர்களுக்கு இது உயிர். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டில் இது இல்லை என்றால் பண்டிகையே குறைந்தது மாதிரி.

கடைக்காரக் கிழவர்தான் சொன்னார்: "இதுக்கு ஒரு ராஜா இருந்தான், தெரியுமா? பெல்ஹம் மேனரில் வீடு." அது எங்களுக்குப் பக்கத்து ஊர். அன்றைக்கே நூலகத்துக்குப் போய்விட்டேன்.

ராஜாவின் பெயர் சீரோ டெர்ரனோவா. 1888இல் சிசிலியில் கோர்லியோனே என்ற ஊரில் பிறந்தவன். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா வந்தான். ஒரே தாய்க்கும் வேறு தகப்பனுக்கும் பிறந்த அண்ணன் ஜூசெப்பே மொரெல்லோதான் நியூயார்க்கின் முதல் பெரிய மாஃபியா தலைவன். கள்ள நோட்டு வழக்கில் 1910இல் அவனுக்கு இருபத்தைந்து வருஷத் தண்டனை விழுந்தது. பிறகு கிழக்கு ஹார்லெமில் தொழிலைத் தம்பிமார் நிக்கோலோ, வின்சென்சோ, சீரோ மூவரும் பார்த்துக்கொண்டார்கள். நிக்கோலோவை 1916இல் புரூக்ளினுக்குச் சமாதானம் பேச அழைத்துச் சுட்டார்கள். வின்சென்சோவை 1922இல் 116ஆம் தெருவிலேயே சுட்டார்கள். சிறையிலிருந்து முன்கூட்டியே வெளியே வந்த மொரெல்லோவை 1930இல் அதே தெருவில் சுட்டார்கள். மிஞ்சியது சீரோ ஒருத்தன்தான். அவன் மேலும் 1918இல் கொலை வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டான்.

இனி உன் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஆர்டிச்சோக் விளைவது கலிபோர்னியாவில், காஸ்ட்ரோவில் என்ற ஊரைச் சுற்றிய கடலோர வயல்களில். அந்தக் காலத்தில் தின்றவர்களில் பெரும்பகுதி இந்தப் பக்கம், நியூயார்க்கில். நடுவில் 4,500 கிலோமீட்டருக்கு மேல் ரயில் பாதை. அந்தப் பாதையின் இந்த முனையில் சீரோ உட்கார்ந்துகொண்டான். வந்து இறங்கும் சரக்கு முழுவதையும் பெட்டி 6 டாலர் என்று எடுத்து, முப்பது நாற்பது சதவீதம் ஏற்றிக் கடைக்காரர்கள் தலையில் கட்டினான் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. கலிபோர்னியா முனையில் படியாத விவசாயிகளின் செடிகளை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிச் சாய்த்ததாகவும் பேச்சு உண்டு.

இதில் எனக்கு ஆச்சரியம் அடிதடி இல்லை. அவன் தேர்ந்தெடுத்த சரக்கு. உருளைக்கிழங்கோ வெங்காயமோ என்றால் விவசாயி நாலு வாரம் கிடங்கில் போட்டுவிட்டு, "போடா, உனக்குத் தரமாட்டேன்" என்று சொல்லலாம். ஆர்டிச்சோக் மலராத பூமொட்டு, பூவுக்கு அது முடியாது. வாங்குகிறவனும் விடமாட்டான், அவனுக்குப் பண்டிகை. ஒரு பக்கம் காத்திருக்க முடியாத விற்பனையாளன், மறுபக்கம் விட்டுக்கொடுக்க முடியாத வாடிக்கையாளன். நடுவில் நிற்கிறவனுக்குத் துப்பாக்கியே அதிகம். தக்காளி லாரி ஒரு நாள் தாமதமானால் நீ எப்படி முகம் வெளுத்து நிற்பாய் என்று எனக்குத் தெரியுமே.

1929 டிசம்பரில் ஒரு கூத்து. பிராங்ஸில் ஒரு உணவகத்தில் வைட்டாலே என்ற மாஜிஸ்திரேட்டுக்குப் பாராட்டு விருந்து. துப்பாக்கியோடு ஏழு பேர் புகுந்து எல்லாரிடமும் கொள்ளையடித்தார்கள். விருந்தில் இருந்த போலீஸ்காரரின் ரிவால்வரையும் பறித்தார்கள். மாஜிஸ்திரேட் யார் யாரிடமோ பேச, சில மணி நேரத்தில் பறிபோனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது! சீரோ கொடுத்த கொலை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தது, அந்தக் காகிதத்தை மீட்கத்தான் இந்த நாடகம் என்று போலீஸ் கமிஷனர் சொன்னார். நிரூபணமாகவில்லை. கொலைக்கு யாராவது பத்திரம் எழுதிக் கொடுப்பானா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனது மாஜிஸ்திரேட்டின் பதவிதான். ரோத்ஸ்டைன் என்ற சூதாட்டப் புள்ளியிடம் ஏறக்குறைய 20,000 டாலர் கடன் வாங்கியிருந்தது வெளியே வந்துவிட்டது.

சீரோவைப் பற்றி அதிகம் சொல்லப்படும் கதை வேறு. 1931 ஏப்ரலில் கோனி ஐலண்டில், பெரிய தலைவன் மசேரியாவைச் சாப்பாட்டுக்கடையில் வைத்துச் சுட்டார்கள். வெளியே காரில் காத்திருந்தது சீரோவாம். கை நடுங்கி கியர் விழவில்லையாம், சுட்டுவிட்டு வந்தவர்கள் அவனைத் தள்ளிவிட்டுத் தாங்களே ஓட்டிப் போனார்களாம். அந்தக் கொலைக்கு ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை, பிறகு காருக்குள் நடந்ததற்கு ஏது சாட்சி? சீரோவின் பங்கை அதன் பின் மெல்ல மெல்லப் பறித்துக்கொண்டவர்கள் லூசியானோ என்ற இன்னொரு மாஃபியா தலைவனின் ஆட்கள். அவர்களுக்குத் தோதான கதை இது. ஒருத்தனை ஓரங்கட்டுவதற்கு முன் அவனைத் தொடைநடுங்கி ஆக்குவது எல்லாச் சந்தையிலும் நடப்பதுதானே.

கடைசி அடியைக் கொடுத்தது நியூயார்க் மேயர். லா கார்டியா. அவரும் இத்தாலியரின் மகன். மேயராவதற்கு முன் கிழக்கு ஹார்லெமுக்கே அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அந்த ஆர்டிச்சோக் பெட்டிக்குள் யார் பணம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? 1935 டிசம்பர் 21, கிறிஸ்துமஸுக்கு நாலு நாள். விடிந்தும் விடியாத நேரத்தில் பிராங்ஸ் மொத்தச் சந்தைக்குப் போய் நின்றார். போலீஸ்காரர்கள் பியூகிள் ஊதினார்கள். நம்மூர்த் தண்டோரா மாதிரி என்று வைத்துக்கொள். சுருளை விரித்துப் படித்தார்: நகரச் சந்தைகளில் சின்ன ஆர்டிச்சோக் விற்கக் கூடாது. வியாபாரிகள் வாயைப் பிளந்தார்கள். பண்டிகைக் காயைப் பண்டிகைக்கு முன்னால் தடை செய்வதென்றால், தீபாவளிக்கு முன்னால் எண்ணெய்க்குத் தடை போடுவது மாதிரி. ஆனால் சில நாளிலேயே தடையை எடுத்துவிட்டார். அதற்குள் விலை இறங்கிவிட்டது. அழுகும் சரக்கை வைத்து மற்றவர்களை மிரட்டியவனை, அதே அழுகலை வைத்தே மடக்கியிருக்கிறார். இதைப் படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. நீயாக இருந்தால் கல்லாவைத் தட்டிச் சிரித்திருப்பாய்.

அதன் பிறகு சீரோ நகர எல்லைக்குள் கால் வைத்தாலே, வேலையற்றுத் திரிபவன் என்று பிடித்து உள்ளே போட உத்தரவு. பெல்ஹம் மேனர் வீடு கடனில் போயிற்று. 1938 பிப்ரவரியில் பக்கவாதம் வந்து செத்தான். 49 வயது. சகோதரர்களில் மூன்று பேர் குண்டுக்குப் போக, இவன் மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில். குயின்ஸில் கால்வரி கல்லறையில் இருக்கிறான். போய்ப் பார்க்கலாம் என்றேன், இந்தக் குளிரில் ரவுடி கல்லறைக்கு யார் காரோட்டுவது என்று மகள் முறைத்தாள்.

நேற்று நாலு காய் வாங்கி வேகவைத்தோம். பேத்திக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு உப்பும் மிளகும் இல்லாமல் இறங்கவில்லை.

ஏப்ரலில் ஊருக்கு வருகிறேன். ஒரு நாள் விடிகாலை உன் மண்டிக்குப் போவோம், உன் மகன் திட்டினாலும் பரவாயில்லை. தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன்,
ராமு