டிக்கன்ஸ் அஞ்சிய தொழிற்சங்கம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விக்டோரியா காலத்து நாவல்களே இங்கிலாந்தின் சட்டங்களை மாற்றின என்னும் கருத்தோடு தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் பாதியைத்தான் என்னால் ஏற்க முடிகிறது.

சார்லஸ் டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837-இல் தொடராக வரத் தொடங்கியபோது, அது சாடிய, உதவி கேட்ட ஏழைகளைக் கடுமையான விடுதிகளுக்கு அனுப்பிய ஏழையர் சட்டத்துக்கு மூன்று வயதுகூட நிரம்பவில்லை; நாவலை நாடே படித்த பிறகும் ஏழையர் விடுதிகள் 1930 வரை சட்டப்படி நீடித்தன. புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றக் கூடாதென்ற 1840-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது. புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பற்றிய கிங்ஸ்லியின் 'வாட்டர் பேபீஸ்' நாவல் 1863-இல் நூலாக வந்த மறு ஆண்டே இன்னொரு சட்டம் பிறந்தது என்பது உண்மைதான். ஆயினும் 1875-இல் இத்தொழிலுக்குக் காவல் துறை உரிமம் கட்டாயமான பிறகே அக்கொடுமை ஓய்ந்தது.

கட்டுரையாளர் தொடாமல் விட்டது தொழிற்சங்கத்தை. 1854 தொடக்கத்தில் பிரஸ்டன் நகர ஆலைத் தொழிலாளரின் போராட்டத்தை நேரில் காணச் சென்ற டிக்கன்ஸ், அவர்களுடைய கூட்டம் நடந்த ஒழுங்கைப் பாராட்டித் தம் வார இதழில் எழுதினார். அதே ஆண்டு, அதே இதழில் தொடராக வந்த 'ஹார்ட் டைம்ஸ்' நாவலிலோ சங்கப் பேச்சாளன் வெறும் வாய்வீச்சுக்காரன். நல்ல தொழிலாளியாகக் காட்டப்படுபவன், சங்கத்தில் சேர மறுத்து ஒதுக்கிவைக்கப்படுபவன். எலிசபெத் காஸ்கெல்லின் 'மேரி பார்ட்டன்' (1848) இன்னும் ஒரு படி மேலே போய், முதலாளியின் மகனைக் கொல்லச் சங்கத்தார் சீட்டுப் போட்டு ஆள் எடுப்பதாகச் சொல்கிறது. (அவரே பின்னர் 'நார்த் அண்ட் சவுத்' நாவலில் ஹிக்கின்ஸ் என்னும் சங்கத்துக்காரரை மதிப்போடு படைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.) பசித்த தொழிலாளியைக் கண்டு கலங்கிய எழுத்தாளர்கள், அவன் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கூலி கேட்டபோது மிரண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரம்பூர்வாசிகளின் கண்ணில் இது படாமல் போகாது. பக்கிங்காம், கர்நாடிக் துணி ஆலைகளின் தொழிலாளருக்காக, பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. உறுதுணையாகவும் இருக்க, 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது இப்பகுதியில்தான். அந்த ஆலைகளில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கில இலக்கியம் பயிலும் வட சென்னைக் கல்லூரிகளில், டிக்கன்ஸை நடத்தும் பேராசிரியர்கள், திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலில் சங்க நாட்களைப் பற்றி வரும் பகுதிகளையும் உடன் வாசிக்கச் செய்ய வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பெரம்பூர், சென்னை.