என் மகளின் முழங்கைக்காக ஒரு நன்றி மடல்

முதல் நன்றி எங்கள் தெருமுனைத் தையல்கடை பாய்க்கு.

போன தீபாவளிக்கு அளவெடுக்கும்போது, நீங்கள்தான் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, பாப்பாவுக்கு வலது கை முழுதாக நீளவில்லையே, எங்காவது விழுந்தாளா?" என்று கேட்டீர்கள். ஏழு வயதுப் பெண், விளையாட்டுக்கு மடக்கி வைத்திருக்கிறாள் என்று நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டச் சொல்லிக் காட்டினீர்கள். முழங்கை எலும்பு முனைக்கு இருபுறமும் இருக்கும் சின்னக் குழிகள் இடது கையில் இருந்தன. வலது கையில் வீங்கி மேடாகியிருந்தன. தினமும் குளிப்பாட்டுகிற என் கண்ணுக்குத் தெரியாதது உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

வலிக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. காலையில் பல் தேய்க்கச் சிணுங்குவாள், சட்டை மாட்ட அழுவாள், பத்து மணிக்கு மேல் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுவாள். பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று ஒருநாள் அடித்தும்விட்டேன். காலையில் மூட்டு இறுகிக் கிடப்பதும் நேரம் போகப் போகத் தளர்வதும் சிறார் மூட்டுவாதம் என்கிற இந்த நோயின் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். ஆனாலும் மூன்று வாரம் மாவுக்கட்டுப் போட்டார்கள். பிரித்தபோது கை முன்பைவிட இறுகியிருந்தது. பிறகு, எண்ணெய் தடவி இழுத்துவிடும் ஒருவரிடம் போனோம். அவள் அலறிய அலறலைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

"ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் நிற்கிறது, இது அடிபட்டதல்ல" என்று சொல்லிச் சென்னைக்கு அனுப்பிய எங்கள் ஊர்க் குழந்தை மருத்துவருக்கு அடுத்த நன்றி. அங்கே குழந்தைகளின் மூட்டுவாதத்தைப் பார்க்கும் மருத்துவர் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். உடம்பின் காவல் படையே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது; 16 வயதுக்குள் தொடங்கினால் அது சிறார் மூட்டுவாதம். பெரியவர்களின் முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இவளுக்கு இல்லையென்றே வந்தது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான் வருமாம், அதை வைத்து நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். உருளைக்கிழங்கால் வந்த வாயு என்று என் மாமியார் ஒரு மாதமாக அதை வீட்டுக்குள் விடவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே, "பாட்டியிடம் சொல்லுங்கள், கிழங்கு நிரபராதி" என்றார். அன்றிரவு வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல்.

சிறிது நேரம் மயக்கம் கொடுத்து மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், வீக்கம் வடிந்தது. சில மாதங்களில் மணிக்கட்டும் வீங்கவே, உடம்பின் காவல் படையை அடக்கிவைக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை தொடங்கியது. மருந்துக்கடைத் தம்பி, உனக்குத் தனி நன்றி. வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மருந்து அது, மறந்துபோய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, அட்டையில் சிவப்பு மையால் 'சனி மட்டும்' என்று எழுதிக்கொடுத்தாய். இன்றுவரை ஒவ்வோர் அட்டையிலும் எழுதுகிறாய்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கு அழைத்துப்போய்க் காத்திருக்கும் ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. கைக்கு வந்த நோய்க்குக் கண்ணை எதற்குப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணுக்குள் அழற்சி வந்து பார்வையைக் கெடுத்துவிடலாமாம் அண்ணா; கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியுமாம்.

வகுப்பு டீச்சருக்கு: எழுத்துத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்ததற்காகவும், வகுப்பில் ஒரு பையனுக்கு அம்மை என்று தெரிந்த அன்றே போனில் சொன்னதற்காகவும். இந்த மருந்து சாப்பிடும் குழந்தைக்கு அம்மை சின்ன விஷயமில்லை. உங்கள் போன் வந்ததால்தான் உடனே டாக்டரிடம் பேச முடிந்தது.

பிசியோதெரபி தம்பி அவள் கையை ஒருமுறைகூட இழுத்ததில்லை. பத்து நிமிடம் வெந்நீர்த் துணி, பிறகு அவளாக நீட்டுகிற அளவுக்குத்தான். வீட்டுப்பாடமாக வாசலில் கோலம் போடச் சொன்னார், கொடியில் துணி காயப்போடச் சொன்னார். முதல் நாள் கோணம் அளக்கும் பிளாஸ்டிக் கருவியை வைத்துப் பார்த்தபோது கை நேராக வர 35 டிகிரி குறைந்தது. இப்போது 5 டிகிரிதான் பாக்கி. தினமும் என் துணியைவிட உயரத்தில் தன் பாவாடையைப் போட்டுவிட்டு, "எட்டுதே" என்கிறாள்.

பாய், இந்தத் தீபாவளிக்கு முழுக்கைச் சட்டைதான் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். சனிக்கிழமை மாத்திரைக்கு மறுநாள் காலையில் கொஞ்சம் குமட்டும், அதனால் பத்து மணிக்கு மேல்.

இப்படிக்கு,
உங்கள் தெருப் பெண்ணின் அம்மா,
கரூர்