வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டு வா

கல்லிடைக்குறிச்சி
24-8-2025

அன்புள்ள சங்கர்,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. லேக் ஜெனீவா போய்விட்டு வந்ததைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை மட்டும் மூன்று தடவை படித்தேன். சிகாகோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான் என்று இத்தனை வருடமாகச் சொல்லவே இல்லையே மக்கா! 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம்: மூன்று சின்னப் புத்தகங்கள், ஒரு பெட்டி, மொத்தமே ஆயிரம் பிரதி. அதை வீட்டில் உட்கார்ந்து பெட்டியில் அடுக்கிய ஊர் அது. நம் கல்லூரிக் காலத்து ராத்திரிகள் எல்லாம் அங்கிருந்துதானே கிளம்பி வந்தன. அந்தத் தெருவில் நீ நடந்தாய் என்று படித்தபோது எனக்கே ஒரு கோயிலுக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. கார் நெல் கதிர் வாங்கத் தொடங்கியிருக்கிறது. சாயங்காலம் மேற்கே பார்த்தால் பொதிகை மேல் மேகம் இறங்கி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் விடாமல் நடக்கிறது. நான் கதை சொல்லி நடத்துகிறேன், மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடுகிறார்கள். மூன்று மணிக்குக் கூடினால் ஏழு மணி வரை. என் மகள், பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இருவர், பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற பையன், அப்பளம் போடும் அக்காவின் மகள் என்று ஐந்து பேர். நடுவில் கருப்பட்டிக் காப்பியும் முறுக்கும்.

டிசம்பரில் வரும்போது என்னென்ன புத்தகம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். இதற்குப் பதில் எழுதத்தான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ஒரு புத்தகம் 50 டாலர் என்றால் நம் காசுக்கு நாலாயிரத்துக்கு மேல். எடையும் உன் பெட்டியில்தான் ஏறும். அதனால் யோசித்தே சொல்கிறேன்.

2024 விதிப்புத்தகங்கள் மூன்றையும் போன பொங்கலுக்கு முன்னாலிருந்து ஒவ்வொன்றாக வாங்கிவிட்டேன். ஆட்டக்காரர்களுக்கான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அந்த வருடம் செப்டம்பரில் வந்தது, நடத்துகிறவருக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு நவம்பரில், உயிரினங்களுக்கான மான்ஸ்டர் மேனுவல் இந்த பிப்ரவரியில். கடைசிப் புத்தகத்தைக் கொண்டுவந்த கூரியர்காரர்கள் மழையில் போட்டுவிட்டார்கள். ஒரு மூலை ஊறி அப்பளமாக வந்து சேர்ந்தது, வெயிலில் காயவைத்து எடுத்தேன். புதிய விதிகளின் மாற்றங்களில் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, கதாபாத்திரம் பிறந்த இனத்தால் வந்துகொண்டிருந்த கூடுதல் எண்களை இப்போது வளர்ந்த வாழ்க்கைக்கு மாற்றிவிட்டார்கள். நீ எந்த வீட்டில் பிறந்தாய் என்பதைவிட என்ன வேலை செய்து வளர்ந்தாய் என்பதுதான் கணக்கு. இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது அப்பள அக்கா மகள், "அதுதான சார் நியாயம்" என்றாள். ஒரே வரியில் முடித்துவிட்டாள். இன்னொன்று, மருந்துக் குப்பியைக் குடிக்க இப்போது முழு முறையும் வீணாவதில்லை, கூடவே செய்யக்கூடிய சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். அடிபட்டவன் குடித்துவிட்டு அதே முறையில் திருப்பி அடிக்கலாம். குகைக்குள் மாட்டிக்கொண்டு நாம் எத்தனை தடவை ஒரு முறையைத் தியாகம் செய்திருக்கிறோம், நினைத்துப் பார்.

ஆக, விதிப்புத்தகம் இனி வேண்டாம். வேண்டியது சாகசங்கள், அதாவது ஆடுவதற்கென்று எழுதிவைத்த கதைகள். அதுவும் சின்னச் சாகசங்கள்.

ஒரு வருடம் ஓடுகிற பெரிய கதையை இந்த ஊரில் நடத்த முடியாது. ஒரு வாரம் கோயில் கொடை, ஒரு வாரம் கல்யாணம், ஒரு வாரம் ஜெராக்ஸ் கடைக்குப் பரீட்சைக் கூட்டம். ஐந்து பேரில் மூன்று பேர் வருகிற ஞாயிறுதான் அதிகம். நாலு மணி நேரத்தில் தொடங்கி முடிகிற கதைதான் இங்கே பிழைக்கும். அதனால்தான் போன மாதம் வந்த டிராகன் டெல்வ்ஸ் எனக்கு அவ்வளவு பிடித்தது. பத்து டிராகன், பத்துத் தனித்தனிக் கதை. முதல் லெவலில் தொடங்கிப் பன்னிரண்டு வரை போகிறது. அதில் மூன்று கதைகளை ஒரே ஒரு ஆட்டக்காரரை வைத்தும் நடத்தலாம். போன செவ்வாய் இரவு கரண்ட் போய்விட்டது. நானும் மகளும் மட்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதில் ஒன்றை நடத்தினேன். கதையைச் சொல்ல மாட்டேன், நீ ஆடவேண்டியது. ஆனால் இதை மட்டும் சொல்கிறேன்: டிராகன் முன்னால் வந்து நின்றதும் அவள் வாளை எடுக்கவில்லை. "உனக்கு இங்க தனியா இருக்கப் பயமா இல்லையா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் எனக்குப் பதில் வரவில்லை. பதின்மூன்று வயது அவளுக்கு. அன்றைக்கு அந்த ஒரு கேள்விக்காக அந்தப் புத்தகத்தின் விலை எனக்குக் கழிந்துவிட்டது.

சரி, நீ கொண்டு வரவேண்டியதற்கு வருகிறேன். அடுத்த மாதம் 16-ஆம் தேதி ஒரு புதிய தொடக்கப் பெட்டி வருகிறது, ஹீரோஸ் ஆஃப் த பார்டர்லேண்ட்ஸ். அதைக் கட்டாயம் கொண்டு வா. 1979-இல் கைகாக்ஸ் எழுதிய, எல்லையில் நிற்கும் ஒரு கோட்டையைப் பற்றிய சாகசத்தைத்தான் புதிதாக எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கோட்டைக்கு ஒன்று, சுற்றியுள்ள காட்டுக்கு ஒன்று, குகைகளுக்கு ஒன்று என்று மூன்று சிறு புத்தகங்கள், கூடவே அட்டைகள், டோக்கன்கள், வரைபடங்கள், பகடைகள். புதிதாக வருகிற பிள்ளைக்கு ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்வதைவிட ஒரு அட்டையைக் கையில் கொடுப்பது எவ்வளவோ மேல். பழைய சாகசத்தில் எனக்கு எப்போதும் வியப்பாக இருந்த ஒரு விஷயம் உண்டு. அந்தக் கோட்டையில் இருந்தவர்களுக்குக் கைகாக்ஸ் பெயரே வைக்கவில்லை. கோட்டைத் தலைவர், கொல்லர், பூசாரி என்று பதவி மட்டும்தான். பெயரை நடத்துகிறவன் வைத்துக்கொள்ள வேண்டும். அதைப் படித்தபோதே எனக்குத் தோன்றியது, இந்த இடைவெளி நமக்காகவே விட்டது என்று.

அந்தக் கோட்டையை நான் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துப் பாளையமாக்கப் போகிறேன். யோசித்துப் பார், எல்லாம் தானாகப் பொருந்துகிறது. மண்சுவர்க் கோட்டை, சுற்றி முள்வேலி, பின்னால் காடு, காட்டுக்கு மேலே குகைகள். ஆங்கிலச் சாகசங்களில் முன்பின் தெரியாத நாலு பேர் மதுக்கடையில் சந்தித்துத் திடீரென்று கூட்டாளி ஆவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது ஒட்டவே இல்லை, "யாருன்னே தெரியாதவன் கூட எதுக்கு சார் குகைக்குள்ள போகணும்?" என்று கேட்டார்கள். இப்போது விடை கிடைத்துவிட்டது: திசைகாவல். பாளையக்காரர்கள் காலத்தில் இந்தப் பக்கம் பாதைக்கும் ஊர்களுக்கும் காவல் நின்று, அதற்கு வரி வாங்கியவர்கள் இருந்தார்களே, நம் ஆட்டக்காரர்கள் அவர்கள்தான். களவு போனால் தேடிக் கொடுக்கவேண்டியது அவர்கள் பொறுப்பு. கொடுக்க முடியாவிட்டால் நஷ்டத்தைத் தாங்களே கட்டவேண்டும். இதைவிட நல்ல சாகசத் தொடக்கம் வேறு எங்கே கிடைக்கும்? மாடு காணாமல் போனதிலிருந்து கதையைத் தொடங்கலாம். தடம் பார்த்துக்கொண்டே மலை ஏறினால் குகை.

நவம்பர் 11-இல் ஃபெரூன் என்ற கற்பனைக் கண்டத்தைப் பற்றி இரண்டு புத்தகம் வருகிறது. அதில் ஆட்டக்காரர்களுக்கான ஹீரோஸ் ஆஃப் ஃபெரூன் வேண்டாம். நடத்துகிறவருக்கான அட்வென்ச்சர்ஸ் இன் ஃபெரூன் வேண்டும். அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குட்டிச் சாகசங்கள் இருக்கின்றன. ஊர்ப் பெயரை மாற்றிவிட்டால் ஒரு வருட ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கவலையில்லை. அதிலுள்ள காலிம்ஷான் பாலைவனக் கதை எதுவாக இருந்தாலும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். செம்மண் மேடு காற்றில் இடம் மாறுகிற இடம், பனங்காடு, நடு மத்தியானத்தில் திசை தெரியாது. போன கோடையில் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர்களுக்குப் பாலைவனம் என்றால் இனி அதுதான்.

எபெரான் என்ற இன்னொரு கற்பனை உலகத்தின் புத்தகம் இந்த மாதம் வரவேண்டியது, டிசம்பருக்குத் தள்ளிவிட்டார்கள். எனக்கு அது தேவையில்லை. ஆனால் ஜெராக்ஸ் கடைப் பையன் அதில் வருகிற, கருவிகளில் மந்திரம் ஏற்றுகிற ஆர்டிஃபிசராக ஆடவேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்கிறான். மெஷினைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற கை அவனுக்கு. பெட்டியில் இடம் இருந்தால் பார், இல்லாவிட்டால் விட்டுவிடு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. 2023 ஜனவரியில் ஆட்டத்தை வெளியிடுகிற நிறுவனத்தார், அதன் விதிகளை மற்றவர்கள் பயன்படுத்துவதற்கான உரிமத்தை மாற்றப் பார்த்தார்கள், உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் எதிர்த்தார்கள், கடைசியில் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டுவிட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? புதிய விதிகளையும் இந்த ஏப்ரலில் அதே மாதிரி விட்டிருக்கிறார்கள். 350 பக்கத்துக்கு மேல், காசு இல்லாமல். எங்கிருந்து எடுத்தோம் என்று சொன்னால் போதும், மொழிபெயர்க்கலாம், அச்சடிக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம். நான் தமிழில் எழுதத் தொடங்கிவிட்டேன் மக்கா. இதுவரை நாற்பது பக்கம்.

சொல் தேடுவதுதான் பெரும்பாடு, பெரும் சந்தோஷமும் அதுதான். கதாபாத்திரத்தின் திறன்களில் ஸ்ட்ரெங்த்துக்கு வலு. டெக்ஸ்டெரிட்டிக்கு லாவகம். கான்ஸ்டிடியூஷனுக்கு அகராதியில் என்னென்னமோ இருந்தது, அம்மா "தெம்புன்னு எழுதுல" என்றாள், எழுதிவிட்டேன். கரிஸ்மாவுக்கு வசீகரம் என்று வைத்திருந்தேன், பிள்ளைகள் வாயில் நிற்கவில்லை. முகராசி என்றதும் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். "சார் எனக்கு முகராசி பதினாறு!" ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். இருபது பக்கப் பகடையில் ஒன்று விழுந்தால் அடி தவறிவிடும் இல்லையா? எங்கள் ஆட்டத்தில் ஒன்று விழும்போதெல்லாம் பக்கத்து வீட்டுச் சின்னவன் "தாயம்!" என்று குதிக்கிறான். ஆச்சியோடு தாயம் உருட்டி வளர்ந்த பிள்ளை, ஒன்று விழுந்தால்தானே காய் உள்ளே போகும். எத்தனை சொன்னாலும் அந்தச் சந்தோஷம் போகவில்லை. கடைசியில் விதியைக் கொஞ்சம் வளைத்துவிட்டேன்: ஒன்று விழுந்தால் அடி தவறும், ஆனால் தாயம் என்று ஒரு புளியங்கொட்டை கிடைக்கும். பிறகு எப்போதாவது அதைக் கொடுத்து ஒரு தடவை திருப்பி உருட்டலாம். நீ என்ன சொல்கிறாய்? கணக்கில் ஆட்டம் ரொம்ப இளகிவிடுமா? உனக்குத்தான் நிகழ்தகவு நன்றாக வரும், போட்டுப் பார்த்து எழுது.

உயிரினங்கள் பக்கம் வந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். மான்ஸ்டர் மேனுவலில் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் பலவற்றுக்கு நம் ஊர் முகம் கொடுக்கலாம். காட்டுப்பேய், கொள்ளிவாய்ப் பிசாசு எல்லாம் எழுதுவேன். சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் ஹிட் பாயிண்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு, எழுத மாட்டேன். ஜெராக்ஸ் பையன் கேட்டான், புத்தகத்தில் கடவுள்களே இருக்கிறார்களே என்று. இருக்கலாம், ஆனால் அவன் வீட்டிலேயே கொடை கொடுக்கிற சாமி அது. வெட்டி வீழ்த்துகிற கணக்கில் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. கதையில் வருவார்கள், எல்லையில் நிற்பார்கள், வழி சொல்வார்கள். அவ்வளவுதான்.

கொடையில் வில்லுப்பாட்டு கேட்கும்போது அடிக்கடி நம் ஆட்டம்தான் ஞாபகம் வருகிறது. புலவர் கதையைச் சொல்லி நிறுத்துவார், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" என்பார். எல்லாருக்கும் முடிவு தெரிந்த கதை, ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்போம். இங்கே நான் நிறுத்தினால் எதிரே இருப்பவர்கள் "இல்ல சார், நான் ஜன்னல் வழியா குதிக்கேன்" என்கிறார்கள். அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் நெஞ்சு துள்ளுகிறது.

விடுதி அறையில் நம்மிடம் இருபது பக்கப் பகடை கிடையாது. ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டு எழுதி எவர்சில்வர் தம்ளரில் போட்டுக் குலுக்கினோம். விதிப்புத்தகத்தின் மூன்றாம் பதிப்பு, அதுவும் மங்கிய ஜெராக்ஸ், பாதிப் பக்கம் வெட்டுப்பட்டது. அந்தத் தம்ளர் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னதும் உன் கேரக்டரைப் பற்றி ஓயாமல் கேட்டார்கள். பரணில் தேடி எடுத்தேன். உன் குள்ளன் கோட்டைச்சாமியின் தாள் கிடைத்துவிட்டது. கடைசிப் பரீட்சைக்கு முந்தைய வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவனை விட்டுவிட்டுப் போனோமே, மீதி ஹிட் பாயிண்ட் 7 என்று உன் கையெழுத்திலேயே இருக்கிறது. சின்னவன் அதைப் பார்த்துவிட்டு, "இருபது வருசமா அங்கேயே நிக்காரா?" என்று கேட்டான். டிசம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை. மூன்று மணிக்கு வந்துவிடு. பாலத்தை வரைந்து வைக்கிறேன்.

அன்புடன்,
பேச்சிமுத்து

பி.கு.: பகடை வாங்கினால் எண் பெரிதாகத் தெரிகிற நிறமாகப் பார்த்து வாங்கு. கறுப்பில் சிவப்பு எழுத்து வேண்டாம், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெரிவதில்லை.